பழனி ரோட்டில் ஒரு டிரெக்கிங்

மலையேற்றம் என்றால் கொடைக்கானல் பக்கம்தான் என்று திண்டுக்கல்காரர்களே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் வனத்துறை தமிழகம் முழுக்க 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன் பதிவு, கட்டணம், வழிகாட்டி என்று ஒழுங்கு செய்தது. 2018-இல் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன பிறகு, அந்த ஒழுங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சாகசப் பட்டத்தை மலைக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? தைப்பூசத்துக்கு முன் பழனி ரோட்டில் நின்று பாருங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், தார் ரோடு, வெறுங்கால் நடை. முதுகில் ஜவுளிக்கடைப் பை, அதன்மேல் இரவில் மின்னும் ஒரு ஸ்டிக்கர். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியிலிருந்து நத்தம் வழியாக வந்து, பழனி போய், திரும்பவும் நடந்தே ஊர் சேர்கின்றன. பஸ் ஓடுவது அவர்களுக்கும் தெரியும்.

அது பக்தி, மலையேற்றம்தான் சாகசம் என்பார்கள். கால் கொப்புளத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காட்டு விலங்கு பயம் இல்லையே என்பவர்கள், நள்ளிரவில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு விரையும் காய்கறி லாரியை எதிரே பார்த்ததில்லை. காட்டெருமையாவது சில நேரம் ஒதுங்கிப் போகும். தனிமை கிடைக்காது என்பது மட்டும் நியாயமான குறை. அதற்கு ஈடாக யாராவது கூப்பிட்டுச் சுக்குக்காப்பி தருவார். வழி தெரியாதவரையும் கூட்டமே அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். படிகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.