கண்ணாடியில் குளித்தவர்கள்

எங்கள் பக்கம் 'சீசன்' என்றால் ஊட்டியும் குற்றாலமும் அல்ல, சிவகாசியில் பட்டாசு ஓடுகிற காலம். தீபாவளியோடு அது முடியும். முடிந்ததை முடித்துவைக்கத் திருச்செந்தூர்க் கடலில் ஒரு முங்கு போடவேண்டும் என்பது அப்பத்தா சட்டம். அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கும். ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம்.

1985-க்கு முன்பு, எங்கள் ஊர் காரியாபட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலம். இடைப்பட்ட அந்த ஒரு வாரம் பையன்களுக்குத் தனி வேலை இருந்தது. வெடிக்காமல் கிடக்கும் வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தை நோட்டுத்தாளில் கொட்டிக் கொளுத்துவோம். புருவம் கருகியவன் தெருவுக்கு ஒருத்தன் இருப்பான். அப்பத்தாவுக்கு ஆறு நாளும் பாலும் பழமும்தான். "எனக்குப் பசிக்கலடா, நீ தின்னு" என்று இட்லியை என் தட்டில் தள்ளும்.

ஆறாம் நாள் விடியுமுன் பஸ். அருப்புக்கோட்டை, எட்டயபுரம், தூத்துக்குடி என்று வழி நெடுக புளிச்சோற்றுத் தூக்குவாளி என் மடியில். சாயங்காலம் அப்பா தோளில் உட்கார்ந்து பார்ப்பேன். யானைமுகம் விழும், சிங்கமுகம் விழும், சூரன் சொந்த முகத்தோடு வந்து அதுவும் விழும். எல்லாம் முடிந்ததும் கூட்டம் கடலுக்குள் இறங்கும். அப்பத்தா தன் முந்தானையை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டு மூன்று முங்கு போடும். பிறகு நாழிக்கிணறு; கடலை ஒட்டியிருந்தும் உப்புக் கரிக்காத தண்ணீர். திரும்பும்போது பன்னீர் இலை விபூதி, சில்லுக்கருப்பட்டி, வர முடியாத தாத்தாவுக்கு ஒரு பாட்டில் கடல்.

இப்போது நாலுவழிச்சாலை. ஊர்கள் ஒதுங்கி நிற்க, கார் பறக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் வெடிக்க இரண்டே மணி நேரம் என்றது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசு மாவட்டத்திலேயே கடிகாரம் பார்த்துக் கொளுத்துகிறோம். விரதம் நானும் விடவில்லை. ஆறு நாள் அல்ல, வருஷம் முழுக்க ராத்திரிச் சோறு கிடையாது. அப்பத்தா முருகனுக்குப் பயந்தது, நான் சுகர் ரிப்போர்ட்டுக்கு.

போன சஷ்டியில் சூரன் விழுந்ததை முன்னால் நின்றவர் செல்போனில்தான் பார்த்தேன். பேரனைக் கடலுக்கு இழுத்தால், போன் நனையும் என்று கரையிலேயே நின்றான். அலையை முதுகுப்பக்கம் வைத்து ஒரு செல்ஃபி. "குளிச்சாச்சு தாத்தா."

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் கோயிலில் சாயாபிஷேகம். போர் முடித்து வந்த முருகனான ஜெயந்திநாதருக்கு எதிரே கண்ணாடி வைத்து, அதில் தெரியும் பிம்பத்துக்குத்தான் அபிஷேகம். சாமியே கண்ணாடியில் குளிக்கும்போது இவனை என்ன சொல்ல?

வீட்டுக்குக் கொஞ்சம் கடல் தண்ணீராவது பிடிக்கலாம் என்று பாட்டிலைத் திறந்தேன். பாதி மினரல் வாட்டர் மிச்சமிருந்தது. காசு கொடுத்து வாங்கியது. கொட்ட மனசு வரவில்லை.