குருதியோட்டு மூலிகைகளின் வகையியல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், தேங்கிய இரத்தத்தை ஓடவைக்கச் சீன வைத்தியர் தரும் சரக்குகளை வகுத்தல் நுதலிற்று. தேக்கம் என்பது அவர்கள் கணக்கில் குத்துவலி, கன்றிப்போன காயம், நின்றுபோன மாதவிலக்கு, வயிற்றுக் கட்டி ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயர்.

தொல்லாசிரியர் தகுதி பார்த்தனர். ஷென்னோங் பெயரால் வழங்கும் பழைய மருந்து நூல் 365 சரக்குகளை மேல், நடு, கீழ் எனப் பிரித்தது. செந்நிற வேரான தான்ஷென் மேலிடம் பெற்றது. அட்டை கீழே போயிற்று. இக்காலப் பாடநூலார் தகுதியை விட்டு வேலையைப் பார்ப்பர். அவர்க்கு வகை நான்கு.

ஒன்று, வலி தணிப்பன. சுவான்சியோங் தலைவலிக்கு. யான்ஹூசுவோ கிழங்கை வினிகர் விட்டு வறுத்துக் கொடுப்பர். வலியடக்கும் சத்து அப்போதுதான் நன்றாக இறங்கும். மஞ்சளும் இவ்வகையே. ஆனால் அதன் கிழங்கு சூடு என்றும், வேர்நுனியில் திரளும் முடிச்சு குளிர்ச்சி என்றும் சொல்லி, ஒரே செடியை இரண்டு மருந்தாக்கிவிட்டனர்.

இரண்டு, விலக்கைச் சீராக்குவன. தான்ஷென், குசும்பப்பூ, பீச் கொட்டைப் பருப்பு, நியூசி வேர். நியூசி வேறு யாருமல்ல, வேட்டியில் ஒட்டும் நம் நாயுருவிக்கு ஒன்றுவிட்ட உறவு.

மூன்று, அடிபட்டதை ஆற்றுவன. இதில் இறக்கையில்லாப் பெண் கரப்பான் ஒன்று காய்ந்து கிடக்கிறது. மூலிகை இயலில் பூச்சி புகலாமோ எனின், புகலாம்.

நான்கு, கட்டியை உடைப்பன. மேற்படி அட்டை, உலர்ந்த நிலையில், இங்கே பதவி உயர்வு பெறுகிறது.

அற்றேல் எல்லாம் அடங்கிற்றோ எனின், அடங்கவில்லை. யுன்னான் மாகாணத்து வென்ஷானில் விளையும் சான்சி வேர் ஓடும் இரத்தத்தை நிறுத்தும், நின்றதை ஓட்டும் என்பர். பாடநூலார் கைபிசைந்து அதை இரத்தம் நிறுத்தும் அத்தியாயத்தில் வைத்தனர். வியாபாரிக்கு அந்தக் கவலையில்லை. அரைக் கிலோவுக்கு எத்தனை வேர் நிற்கிறது என்று எண்ணித் தரம் பிரிப்பார். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும்.

வைத்தியரும் வகையை மதிப்பதில்லை. 1797இல் கொள்ளைநோயில் இறந்து அரைகுறையாய்ப் புதைந்த குழந்தைகளின் உடல்களைப் பார்த்து உள்ளுறுப்பு கற்றவர் வாங் சிங்ரென். உதரவிதானத்தின் மேல் இரத்தம் குளமாய் நிற்கிறது என்று முடிவுகட்டி, அந்த 'இரத்த மாளிகை'யின் பெயரிலேயே கஷாயம் அமைத்து 1830இல் நூலாக்கினார். மாளிகை பொய், கஷாயம் இன்றும் விற்கிறது. அதன் 11 சரக்கில் நம் நான்கு வகைக்குள் வருவன நான்கே. மற்றவை பிற அத்தியாயத்துக் கடன்.

ஆகவே மெய்யான வகையியல் மருந்துக்கடை இழுப்பறை அலமாரியில் உள்ளது. பூவும் இலையும் மேலே, கல்லும் கிளிஞ்சலும் கீழே. சேர்ந்தே சீட்டில் வரும் பீச் பருப்பும் குசும்பப்பூவும் அக்கம்பக்கம். தான்ஷென்னோடு ஆகாத லிலூ தொலைவில். எது எதைப்போல் இருக்கிறது என்பதல்ல, எது எதோடு போகிறது என்பதே அங்கே இலக்கணம்.

புறனடை: கர்ப்பிணிகளுக்கும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் விழுங்குவோர்க்கும் இந்நான்கும் ஒரே வகை, டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாத வகை என்க.