மாத்திரை மாமா

மாத்திரை மாமா என்பவர் டாக்டர் அல்லர், கம்பவுண்டர் அல்லர், மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவரும் அல்லர். சட்டைப்பையில் பாதி கிழித்த நாலைந்து மாத்திரை அட்டைகளோடு நடமாடும் நல்ல மனிதர். தமிழ் பேசும் எந்த ஊரிலும் இவரைக் காணலாம் என்றாலும், மார்டள்ளி போன்ற இடத்தில் இன்னும் செழிப்பாக வளர்வார். பழைய மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போன ஊர் இது. ஹனூர் வட்டாரம், சுற்றிலும் மாதேஸ்வரன் மலைக் காடு. தமிழ் பேசும் கத்தோலிக்கர் நிறைய. மாவட்டம் மாறினாலும் கோயில் மட்டும் இன்றைக்கும் மைசூர் மறைமாவட்டத்தில்தான் இருக்கிறது. காட்டு வேலை, வெளியூர்க் கட்டட வேலை என்று இடுப்பையும் முட்டியையும் தேய்த்துப் பிழைக்கும் ஊர். பெரிய டாக்டரைப் பார்க்கக் கொள்ளேகால் போக வேண்டும், அதற்கும் மேல் என்றால் மைசூர். போனால் ஒரு நாள் கூலி போச்சு. வரிசை இல்லாமல், சீட்டு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பது மாமாவின் சட்டைப்பை ஒன்றுதான்.

இவர் எங்கே படித்தார் என்று கேட்பது மரியாதை அல்ல. 2006-இல் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் சிக்குன்குனியா வீடு வீடாகப் புகுந்தது. கை விரலை மடக்க முடியாமல் ஊர் ஊராக ஜனங்கள் படுத்தார்கள். காய்ச்சல் நாலு நாளில் போனது, மூட்டு வலி மாதக்கணக்கில் இருந்தது. அந்தப் பருவத்தில் முளைத்தவர்கள்தான் இன்றைய மாமாக்களில் பாதிப் பேர். டாக்டர் அன்றைக்கு ஐந்து நாளுக்கு எழுதிக்கொடுத்த சீட்டு மடிப்பு விட்டுப்போய் இன்னும் இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. ஐந்து நாள் என்பது மட்டும் அழிந்துவிட்டது. மாத்திரையின் பெயர் அழியவில்லை.

பெயர் என்றால் பெயரும் அல்ல, நிறம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்பவையெல்லாம் மாமாவின் அகராதியில் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை நீட்டு என்று பதிவாகியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், ஒரே நிறத்தில் பத்து மருந்து வரும் என்பது அவருக்குப் பொருட்டல்ல. கொள்ளேகால் கடையில் “நோவின மாத்ரெ கொடி” (வலி மாத்திரை கொடுங்கள்) என்று கன்னடத்தில் கேட்டு, கடைக்காரர் எடுத்து வைப்பதைத் தள்ளிவிட்டு, “அது பேடா, ஸ்ட்ராங்கு கொடி” என்பார். அட்டையின் பின்பக்கம் சிவப்பில் அச்சடித்திருப்பது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற எச்சரிக்கை. அதை அவர் அலங்காரமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இவர் வைத்தியம் பார்க்கும் நேரம் ஞாயிறு பூசை முடிந்தபின். கோயில் வாசலில் செருப்பைத் தேடும் ஒரு அம்மாள் காலைச் சாய்த்து வைப்பதைப் பார்த்ததும் மாமாவின் கை தானாகப் பைக்குள் போகும்.

“என்ன தங்கச்சி, நொண்டற?”

“முட்டி அண்ணா. ராகிக் கட்டு தூக்குனதுல இருந்து மடக்கவே முடியல.”

“இந்தா, பொழுதோட ஒன்னு போடு. நாளைக்கு வெடியால பாரு, நீயே ஓடுவ.”

“பி.பி. மாத்திரை வேற திங்கறேனே அண்ணா?”

“அது அதுக்கு, இது இதுக்கு. ரெண்டும் ஒன்னோட ஒன்னு பேசிக்காது.”

மாமாவின் மருத்துவக் கொள்கை முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. மாத்திரை விழுங்கப்பட்டதும் விலாசம் விசாரித்துக்கொண்டு நேராக முட்டிக்குப் போகும், வலியை எடுக்கும், வந்த வழியே திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. உண்மையில் அது ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. வலியும் வீக்கமும் உண்டாக்குவதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்பிரினும் அதன் சாதி மாத்திரைகளும் உடம்பில் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி. 1982-இல் நோபல் பரிசு பெற்றார். சங்கடம் என்னவென்றால், இதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலை அமிலம் அரிக்காமல் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. முட்டியில் கலகம் செய்பவனைப் பிடிக்கப் போன போலீஸ், வயிற்றில் காவலுக்கு நின்றவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த கதை.

வயிற்றைப் பற்றி மாமாவுக்கும் தெரியும். அதனால்தான் “சாப்ட்டுப் போடு” என்று சொல்லத் தவறமாட்டார். சோறு எரிச்சலைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மருந்து ரத்தம் வழியாகவும் வந்து இரைப்பையைத் தாக்குவதால், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மாதக்கணக்கில் போட்டாலும் புண் வரும். அவரிடம் அடுத்த கட்டமும் உண்டு: கேஸ் மாத்திரை. பாண்டோபிரசோல் வகை மாத்திரை அமிலத்தைக் குறைத்து இரைப்பைக்கு நிஜமாகவே காப்பு தருகிறது, டாக்டர்களும் வேண்டியவர்களுக்கு எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் காப்பு சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ போவதில்லை. கேஸ் மாத்திரை போட்டாயிற்று என்ற தைரியத்தில் வலி மாத்திரையை வருஷக்கணக்கில் தின்பவர்கள்தான் மாமாவின் நிரந்தர வாடிக்கைக்காரர்கள். அறுபது தாண்டியவர்கள், முன்பே அல்சர் வந்தவர்கள், இதயத்துக்காகத் தினம் சின்ன ஆஸ்பிரின் போடுபவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு ரத்தக்கசிவு ஆபத்து பல மடங்கு. சாயங்காலம் பிராந்தியும் ராத்திரி மாத்திரையும் என்று போகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தி காப்பிப்பொடி நிறத்தில் வந்தாலோ அது சூடு அல்ல, கேஸ் அல்ல, உள்ளே ரத்தம் கசிகிறது. அப்போது பார்க்க வேண்டியது மாமாவை அல்ல, பஸ்ஸையும் அல்ல, ஆம்புலன்சை.

இனி அந்தப் பேசிக்கொள்ளாத இரண்டு மாத்திரைகள். அவை பேசிக்கொள்வது மட்டுமல்ல, சண்டையும் போடுகின்றன. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பி.பி. மாத்திரையோ இறக்கப் பார்க்கும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பி.பி. மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, அதோடு வலி மாத்திரை என மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் இன்னும் மோசம். யுகாதி வெயிலில் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகும் பக்தர்கள் இந்த விஷயத்தில் கவனிக்கத் தக்கவர்கள். மாமா மதபேதம் பார்க்காதவர். அந்தச் சிவன் மலைக்கு நடப்பவர்களுக்கும், வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கும் “கால் வலி வராம இருக்க முன்னாலயே ஒன்னு போட்டுக்க” என்று ஒரே நியாயத்தில் விநியோகிப்பார். வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், வெயிலில் நடக்கும் உடம்பில் சிறுநீரகம் தனக்கு வரும் அந்த ரத்தக்குழாய் சுருங்காமல் இருப்பதை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மாத்திரை அதைத்தான் சுருக்குகிறது. கால் வலியைக் கால் காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் வலிக்காமலே கெடும். முகமும் காலும் வீங்கி, நீர் குறைந்த பிறகுதான் தெரியவரும்.

இதயத்தைப் பற்றி மாமா கேள்விப்பட்டதே இல்லை. வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரை என்று உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்ட ரோஃபிகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்ததால் 2004 செப்டம்பரில் அதன் கம்பெனியே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியாவும் தடை செய்தது. அதன் பிறகு பழைய மாத்திரைகளையும் நோண்டிப் பார்த்ததில், டைக்ளோஃபெனாக்கும் இந்த விஷயத்தில் உத்தமன் அல்ல என்று தெரிந்தது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது.

மாமாவின் கைவரிசையில் உச்சம், சேர்மானம். ஒன்று கேட்கவில்லையா, இன்னொரு நிறத்தையும் சேர்த்துக் கொடுப்பார். இரண்டு வலி மாத்திரை சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறையாது, பக்கவிளைவுதான் கூடும். பல அட்டைகளில் வலி மருந்தோடு பாராசிட்டமாலும் உள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதன்மேல் காய்ச்சலுக்கென்று 650 மில்லிகிராம் பாராசிட்டமால் வேறு. ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் ஒன்றுக்கு உச்சவரம்பு 4 கிராம். தினம் குடிப்பவருக்கு அந்தக் கணக்கு செல்லாது, அவர் ஈரல் அதற்கு முன்பே கையை விரித்துவிடும். ஆனால் அளவோடு போட்டால் பெரும்பாலோருக்கு முதலில் எடுக்க ஏற்றது பாராசிட்டமால்தான். அது இந்தச் சாதி மாத்திரை அல்ல, வீக்கத்தைக் குறைக்காது, வயிற்றையும் அதிகம் தொந்தரவு செய்யாது. இத்தனை சாதுவாக இருப்பதாலேயே மாமா அதை மதிப்பதில்லை. “அது கொழந்தைங்களுக்கு” என்று தள்ளிவிடுவார். குழந்தைகளுக்கோ ஸ்ட்ராங்காக ஒன்று வைத்திருப்பார். நிமிசுலைடு மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று மத்திய அரசு 2011-இல் தடை போட்டதற்குக் காரணம் ஈரல். மழைக்காலக் காய்ச்சலில் டெங்கு சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. ஏற்கெனவே தட்டணுக்கள் குறையும் நோயில் ரத்தக்கசிவுக்கு அவை வழி திறந்துவிடும். மாதவிடாய் வலிக்கு விற்கும் மெஃபெனாமிக் அமிலத்தைப் பற்றி 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது: அரிதாக, காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பி உள்ளுறுப்புகள் வரை தாக்கும் ஒவ்வாமை வரலாம். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் இந்தச் சாதி மாத்திரைகளைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரையில் மூச்சு அடைத்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், சொந்த வைத்தியம் சீமையிலும் நடந்ததுதான். ஐபுப்ரோஃபெனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் ஆடம்ஸ், முதல் நாள் விருந்தின் தலைவலியோடு மேடையேற வேண்டியிருந்தபோது தன் மருந்தையே 600 மில்லிகிராம் விழுங்கிப் பார்த்தவர். ஆனால் அவர் சோதித்தது தன் தலையில். மாமா சோதிப்பது ஊரார் தலையில்.

மனிதர்களோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. மாடு நொண்டினாலும் மாமாவுக்கு ஆள் வரும். இந்த இடத்தில் அவருடைய கதை ஒரு தெருவின் கதையாக இல்லாமல் நாட்டின் கதையாகிவிடுகிறது. 1990-களில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகு கிட்டத்தட்ட அடியோடு போனது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசிதான் காரணம் என்று 2004-இல் உறுதியானது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் சில நாட்களில் நின்றுபோய், உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் சுண்ணாம்புபோலப் படிந்திருந்தது. 2006-இல் மாட்டு மருந்தாக அதற்குத் தடை வந்தது. ஆனால் மனிதர்களுக்கென்று 30 மில்லி குப்பியில் விற்றதை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் நிற்கவில்லை. 2015-இல் அரசு மனித ஊசியையே 3 மில்லி குப்பிக்குச் சுருக்கியது. மெலாக்சிகம் கழுகுகளுக்கு ஆபத்தில்லாத மாற்று. கால்நடை டாக்டர்கள் அதை எழுதுகிறார்கள். மாதேஸ்வரன் மலைக்குத் தென்மேற்கே, மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு மாமாக்களின் பழக்கம் மாறுவது உயிர்ப் பிரச்சினை.

இத்தனைக்கும் மாமாவின் பெயர் ஏன் கெடுவதில்லை? மாத்திரை நிஜமாகவே வேலை செய்கிறது, அதுதான் காரணம். ராத்திரி விழுங்கிய அம்மாள் காலையில் எழுந்து நடக்கிறாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி நன்றி சொல்கிறாள். ஆறு மாதம் கழித்து அவளுக்கே வயிற்றில் புண் வந்தால் அது கேஸ் என்று ஆகும், சிறுநீரகம் கெட்டால் சர்க்கரையால் என்று ஆகும். குணத்துக்கு விலாசம் உண்டு, கேட்டுக்கு இல்லை. மைசூர் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்க முதல் ஆளாக ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போகிறவரும் மாமாதான். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்தால் ஊர் எப்போதோ சுதாரித்திருக்கும்.

இந்த மாத்திரைகளே வேண்டாம் என்பதும் சரியல்ல. சுளுக்கு, பல் வலி, வாதத்தில் வீங்கிய மூட்டு ஆகியவற்றுக்கு இவை நல்ல மருந்து. வலி போகும் குறைந்த அளவு, முடிந்தவரை குறைந்த நாள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு வலி மாத்திரை, நிறையத் தண்ணீர் என்று இருந்தால் பெரும்பாலோர் தப்பிப்பார்கள். முட்டி, கை போன்ற இடங்களில் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் கொஞ்சமே சேரும் என்பதால் வயதானவர்களுக்கு அதையே முதலில் முயன்று பார்க்கலாம். சில நாளில் வலி தணியவில்லை என்றால் வேறு நிறம் தேடாமல், வலிக்குக் காரணம் தேட வேண்டும். தொடர்ந்து போட்டே ஆக வேண்டியவர்கள் அவ்வப்போது பி.பி.யையும் ரத்தத்தில் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கேட்டது, மாமா கொடுத்தது எல்லாவற்றையும் மேஜையில் கொட்டுங்கள். “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று டாக்டர் கேட்கும்போது மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம்.