யு/ஏ பெருமானின் பெருங்கருணை

படம் தொடங்கும் முன் சில விநாடிகள் மட்டும் திரையில் எழுந்தருளி, அடியார்கள் வாசித்து முடிப்பதற்குள் மறைந்தருளும் அந்தச் சான்றிதழ்த் தாளைப் போல் கருணை மிக்கது இவ்வையகத்தில் வேறில்லை. மும்பையில் தலைமைப்பீடமும் சென்னையில் கிளைப்பீடமும் கொண்டு, 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தைச் செங்கோலாக ஏந்தி வீற்றிருக்கும் இந்திய மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் யு என்றும் ஏ என்றும் யு/ஏ என்றும் திருவாய் மலர்ந்தருளும் எழுத்துகள் இராமேசுவரத்தோடு நின்றுவிடுவதில்லை. கடல் தாண்டி, கொழும்பு தாண்டி, களனி கங்கையோரமாக ஏறி யட்டியாந்தோட்டை இறப்பர் மலைகளுக்கும், இரத்தினபுரி வழியாக காவத்தை, றக்குவானை, பலாங்கொடைத் தேயிலை மலைகளுக்கும் வந்து சேர்கின்றன. லயத்துப் பிள்ளைகளுக்குச் சினிமா என்றால் சென்னைச் சினிமாதான். ஆகவே எங்கள் குழந்தைகள் எந்த வயதில் எதைக் காணத் தகுந்தவர்கள் என்பதை எங்கள் முகத்தையே பார்த்திராத சான்றோர் நிச்சயித்தருள்வதில் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு உள்ள பெருமிதம் சொல்லி மாளாது.

அந்த அருளின் ஆழத்தை உணர, 2023 ஆகஸ்டில் வெளிவந்த ‘ஜெயிலர்’ ஒன்றே போதும். வில்லப் பெருந்தகை தமக்குப் பிடிக்காதவர்களை அமிலத் தொட்டியில் இறக்குகிறார். பேரனோடு கொஞ்சி விளையாடும் நாயகப் பெருமகனார், பொறுமையின் எல்லையில் நின்று, ஒருவரின் தலையை வாளால் சீவி எறிகிறார். இதற்குக் கிடைத்தது யு/ஏ. அதாவது, அன்றைய விதிப்படி பன்னிரண்டு வயது நிரம்பாத பாலகரும் பெற்றோரின் வழிகாட்டலோடு கண்டு களிக்கலாம். தலை எந்தக் கோணத்தில் விழுகிறது, அமிலத்தில் முதலில் எது கரையும் என்றெல்லாம் எட்டு வயது மகளுக்குத் தாய் பக்கத்தில் அமர்ந்து விளக்கிச் சொல்லும் வாய்ப்பை வழங்கிய அந்தத் தாயுள்ளத்தை என்னென்பது!

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த ‘மாஸ்டர்’ இன்னும் நுண்ணிய பண்பாட்டுச் சாதனை. அதில் சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களுக்குப் போதைப் பழக்கம் ஊட்டப்படுகிறது. கொலைப்பழி அவர்கள் தலையில் சுமத்தப்படுகிறது. இரண்டு சிறுவர்கள் தூக்கில் தொங்குகிறார்கள். சிறுவர் சாகும் படத்தைச் சிறுவருக்கு மறுப்பது எவ்வளவு பெரிய அநீதி! வாரியம் அந்த அநீதிக்கு உடன்படவில்லை. அதுவும் யு/ஏ. பிரித்தானியர் மட்டும், கலையறிவு போதாத காரணத்தால், இங்கே யு/ஏ பெற்ற ‘லியோ’வுக்கு 15 என்று முத்திரை குத்தி, பதினைந்து வயது ஆகாதவர்களைப் படமாளிகை வாசலிலேயே நிறுத்தினார்கள். இலண்டன் தமிழ்ப் பிள்ளைக்குக் கிட்டாத அந்தப் பேறு தெரணியகலைப் பிள்ளைக்குக் கிட்டியிருக்கிறது. எங்களை எதிலும் பின்தங்கியவர்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வாரியத்துக்கும் அதன் சகோதர பீடங்களுக்கும் இரக்கம் இல்லை என்று நினைப்பவர் கண்ணில்லாதவர். திரையில் ஒரு சேவல் குறுக்கே ஓடினால், அதற்கு எந்தத் துன்பமும் நேரவில்லை என்று விலங்கு நல வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். கணினியில் வரைந்த காளையென்றால், அது மெய்யான காளையன்று என்று திரையின் மூலையில் எழுதிக் காட்ட வேண்டும். நாயகர் வாயில் சுருட்டு ஏறிய மறுகணமே, புகைத்தல் உயிரைக் கொல்லும் என்று கீழே எழுத்து ஓடுகிறது. அதே நாயகரின் வலக்கையில் உள்ள அரிவாளுக்கு அப்படி ஒரு வரியும் ஓடுவதில்லை. அரிவாளால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதைச் சான்றோர் சோதித்தே அறிந்திருப்பார்கள். இலங்கைத் தொலைக்காட்சிகள் இந்த மரபை இன்னும் சிறப்பாகப் போற்றுகின்றன. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு சிகரெட் நுனியின் மீது ஒரு வெண்மேகம் வந்து அமர்ந்துகொள்கிறது. அறுபது பேரை அடித்து வீழ்த்திய பின் வீரர் பற்றவைக்கும் அந்த ஒன்றை மட்டும் எங்கள் குழந்தைகள் பார்த்துவிடாமல் காக்கும் மேகம் அது.

முத்தத்தின் விஷயத்திலோ வாரியத்தின் விழிப்பு முனிவர்களையும் நாணச் செய்யும். 2025இல் வந்த ஹொலிவுட் ‘சுப்பர்மேன்’ படத்தில் 33 விநாடி நீடித்த ஒரு முத்தக் காட்சி இந்தியாவில் வெட்டி எறியப்பட்டது. மனிதர் ஒருவரையொருவர் விரும்புவதைக் கண்டு கெட்டுப்போகும் தலைமுறை, ஒருவரையொருவர் வெட்டுவதைக் கண்டு உறுதிப்படும் என்ற உயர்ந்த உளவியல் இது. எங்கள் லயத்து அம்மாயிமார் எந்த வாரியத்திலும் அமராமலே இதே ஞானத்தை அடைந்திருக்கிறார்கள். “சண்டப்படமா, பாருடா தம்பி. காதல் கீதல் வந்தா மட்டும் நிப்பாட்டிரு, என்னா?”

ஆனால் ஏ சான்றிதழ் யாருக்கு என்ற கேள்வியில்தான் வாரியத்தின் பேரறிவு முழுதாய் ஒளிவிடுகிறது. 1993இல் காவல் நிலையத்தில் உயிரிழந்த ஒருவரின் உண்மை வழக்கை எடுத்துக்கொண்டது ‘ஜெய் பீம்’. இருளர் குடிசைக்குள் பொலிஸார் புகுவதையும், பொய் வழக்கில் அடிபடும் மனிதனையும், கர்ப்பிணி மனைவி நீதிமன்றப் படியேறுவதையும் காட்டியது. அதற்கு ஏ. ஊரையே இழுத்துவந்து பொலிஸார் வதைப்பதைக் காட்டிய ‘விடுதலை’க்கும் ஏ. அரச சீருடைக்குள் இருப்பவர் அடித்தால் வலிக்கும் என்ற செய்தி பதினெட்டு வயது வரை எங்கள் பிள்ளைகளுக்கு எட்டிவிடக் கூடாது. நட்சத்திரம் அடித்தால் யாருக்கும் வலிப்பதில்லை, ஆகவே அது குடும்பப் படம். 1977இலும் 1983இலும் லயங்கள் எரிந்தபோது உடுத்திய துணியோடு இறப்பர்க் காட்டுக்குள் ஒளிந்த தாத்தாமாரும், இரத்தினபுரிப் பக்கமிருந்து வன்னிக்கு ஓடிய மாமன்மாரும் உள்ள பிள்ளைகளை உண்மையிலிருந்து இவ்வளவு பத்திரமாகப் பாதுகாக்க வேறு யாரால் முடியும்?

இந்தப் பாரம்பரியம் நேற்று முளைத்ததன்று. கண்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். நடித்து 1951இல் வெளிவந்த ‘மர்மயோகி’, தமிழில் ஏ சான்றிதழ் பெற்ற முதல் படம் என்று வரலாறு போற்றுகிறது. காரணம், அதில் ஒரு பேய் வந்தது. கதை முடிவில் அந்தப் பேயும் பேயன்று, உயிரோடிருக்கும் அரசர்தான் என்று தெரியவரும். இல்லாத பேயிலிருந்து குழந்தைகளைக் காத்த அந்தக் கை, இருக்கும் அரிவாளின் பக்கம் அவர்களைத் திருப்பிவிட எழுபது ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

அந்தப் பயிற்சிக்குக் காசும் துணை நின்றது. தமிழ்நாட்டில் 2011 முதல் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமானால் யு சான்றிதழ் இருக்க வேண்டும் என்று அரசு விதித்தது. உடனே கோடம்பாக்கத்தில் தூய்மை இயக்கம் ஒன்று பொங்கி எழுந்தது. தயாரிப்பாளர்கள் குழந்தைகளின் நலனை எண்ணி யு கேட்டு மறுசீராய்வுக் குழுவின் படிகளைத் தேய்த்தார்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்து அந்த விலக்கின் மவுசு போயிற்று. ஆனால் குழந்தைகள் மீதான அன்பு போகவில்லை. ஏ படம் அப்படியே தொலைக்காட்சிக்குப் போக முடியாது. குடும்பங்கள் சீட்டெடுக்காவிட்டால் முதல் வாரக் கல்லா நிறையாது. ஒரு எழுத்து மாறினால் இத்தனை கோடி குறையும் என்று தெரிந்த இடத்தில் அறம் தானாகவே தழைக்கிறது.

2025இல் மட்டும் வாரியத்துக்கு ஒரு கணம் கை தவறிவிட்டது. ரஜினிகாந்தின் ‘கூலி’க்கு ஏ கொடுத்துவிட்டார்கள். கலங்கிப்போன தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, இதைவிட வன்முறை மிகுந்த படங்களுக்கே யு/ஏ தந்திருக்கிறீர்களே என்று முறையிட்டார். என்ன அழகான வாதம்! முன்பு செய்த தவறுகளே இனிமேல் சட்டம் என்று இவ்வளவு தெளிவாக யாரும் எடுத்துச் சொன்னதில்லை. நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. தம் பாட்டன் பூட்டனின் தொழிற்பெயரைத் தாங்கிய படத்தைப் பார்க்கும் தகுதி தோட்டப் பிள்ளைகளுக்கு இல்லாமற்போனது. அந்தக் குறையை நகரத்து கொமினிகேஷன் கடை சில நாளில் தீர்த்துவைத்தது. ஒரு சிப் கொடுத்தால் படம் ஏற்றித் தருவார்கள். அந்தப் பிரதியில் சான்றிதழ்த் தாள் இருக்காது. அந்த இடத்தில் ஒரு சூதாட்ட விளம்பரம் ஓடும்.

சான்றிதழுக்குப் பல் இல்லை என்று சில பாமரர் குறை சொல்வதுண்டு. அவர்கள் 2023 மார்ச் 30ஐ மறந்தவர்கள். அன்று சென்னையின் புகழ்பெற்ற படமாளிகை ஒன்றுக்கு, ‘பத்து தல’ பார்க்கச் சீட்டோடு வந்த நரிக்குறவக் குடும்பத்தை வாசலில் தடுத்தார்கள். காணொளி பரவி நாடே கேட்டபோது நிர்வாகம் தந்த விளக்கம், அது யு/ஏ படம், சிறு குழந்தைகளை அனுமதிக்கச் சட்டம் இடம் தராது என்பது. பெற்றோர் கூடவே நின்றிருந்தார்கள் என்பதும், யு/ஏ என்றாலே பெற்றோரின் முடிவுதான் என்பதும் சின்ன விவரங்கள். எத்தனையோ ஆண்டாக எவர் பிள்ளையையும் தடுக்காமல் தூங்கிய விதி, பாசிமணி விற்கும் குடும்பத்தைக் கண்டதும் துள்ளி எழுந்ததே, அந்த விழிப்பைப் போற்ற வேண்டாமா? எந்தக் குழந்தையிடம் கண்டிப்பாயிருப்பது, எந்தக் குழந்தையிடம் கண்ணை மூடிக்கொள்வது என்று தரம் பிரிக்கத் தெரிந்த சட்டமே உயிருள்ள சட்டம்.

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ கருணையின் சிகரம். யு/ஏ இப்போது 7, 13, 16 என்று மூன்று திருவடிவம் கொண்டிருக்கிறது. அந்த வயது எல்லையைப் பெற்றோரும் பாதுகாவலரும் தவிர வேறு எவரும் நடைமுறைப்படுத்த முடியாது என்று அச்சட்டமே அறிவிக்கிறது. வாரியத்துக்குப் பொறுப்பில்லை, தயாரிப்பாளருக்கில்லை, படமாளிகைக்கில்லை. முழுப் பொறுப்பும் பெற்றோருக்கே. அந்தப் பெற்றோர் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

இருட்டோடு பால்வெட்டுக்கு இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது. தகப்பன் கத்தியும் தலையில் கட்டிய டோர்ச்சுமாகப் போய்விட்டார். தாய் குவைத்தில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார். அம்மாயிக்குக் கண் மங்கல். சான்றிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் கண் தெளிந்திருந்தாலும் தமிழ் மட்டும் தெரிந்த அவருக்குச் சிரமம் இராது. சட்டம் நியமித்த பாதுகாவலராக வீட்டில் எஞ்சியிருப்பவன் பதினொரு வயது அண்ணன், கையில் ஃபோன். பள்ளிக்கூடம் விட்டதும் அவனும் கூட்டாளிகளும் பிரட்டுக்களத்தில் கூடுவார்கள். அரிவாளுக்குக் குடைக்கம்பி. அமிலத் தொட்டிக்குப் பால் வாளி. பாலை உறையவைக்கத் தட்டில் ஊற்றும் அசிட் கானை அவனுடைய ஏழு வயதுத் தங்கைக்கு நன்றாகத் தெரியும், மணத்தாலேயே கண்டுபிடிப்பாள். வாளிக்குள் யாரை இறக்குவது என்று அவளே தீர்ப்புச் சொல்கிறாள். வழிகாட்டல் முழுமை பெறும் காட்சி இது.

எங்கள் நாட்டுத் தணிக்கைச் சபையும் இந்தப் புகழில் பங்கு கேட்கும் தகுதி உடையது. 1912இல் வெள்ளைக்காரத் துரைமார் இயற்றிய கட்டளைச் சட்டத்தை நூறாண்டு தாண்டியும் கண்போலக் காத்துவருகிறது. 2006இல் அசோக ஹந்தகமவின் ‘அக்ஷரய’ வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று அனுமதி பெற்றும், அமைச்சர் தலையிட்டுத் தடுத்தருளினார். நாற்பது வயதுக்காரருக்கும் இன்னும் வயது வரவில்லை என்று கண்டறிந்தது இலங்கை அரசியலின் கொடை. போரில் இறந்ததாகச் சொல்லப்படும் மகனின் சீல் வைத்த பெட்டியோடு நிற்கும் பார்வையற்ற தகப்பனைக் காட்டிய பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வை 2000இல் எந்த வயதுக்காரரும் பார்க்கக் கூடாதென்று நிறுத்தினார்கள். உயர் நீதிமன்றம் சொல்லித்தான் அது வெளிவந்தது. தலை உருளும் படங்களுக்கு அந்தத் தொல்லை வருவதில்லை.

ஆகவே வாரியத்துப் பெரியோர்க்கு ஒரு பணிவான விண்ணப்பம். சான்றிதழ் வழங்கும் பணிக்கிடையே ஒருநாள் காவத்தைப் பக்கமோ தெஹியோவிட்டப் பக்கமோ எழுந்தருள வேண்டும். தேநீர் நாங்கள் தருகிறோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிரட்டுக்களத்தில் பிள்ளைகள் தாம் கற்றதையெல்லாம் தொடக்கம் முதல் நடித்துக் காட்டுவார்கள். பார்த்து முடித்ததும், ஒரு வெட்டும் சொல்லாமல், அந்த ஏழு வயதுக்காரியின் கையில் ஒரு யு/ஏ தந்தருள வேண்டும்.