வாசற்பெஞ்ச் அரட்டையில் அந்தரங்கம்: ஆழ்வார்பேட்டை அடுக்ககங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தொழில்நுட்பம், அரசியல், அந்தரங்கம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பேசி, மூன்றிலும் எதிராளியைக் கிண்டல் செய்து, எதையும் முடிக்காமல் ராத்திரி டிபனுக்கு எழுந்து போவது வாசற்பெஞ்ச் அரட்டை எனப்படும். டி.டி.கே. சாலைக்கும் எல்டாம்ஸ் சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களின் அடுக்ககங்களில், செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே போட்ட சிமெண்ட் பெஞ்சு இதன் நிலைக்களம். காலம், மாலை ஆறரை முதல் கொசு கடிக்கத் தொடங்கும்வரை. கொசுவும் ஆறரைக்கே வந்துவிடுவதால் கால வரையறையில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இவ்வகை அரட்டை ஆழ்வார்பேட்டையில் செழித்ததற்குக் காரணம் எளிது. சித்தரஞ்சன் சாலையில் மு.க. ஸ்டாலின் வீடு, எல்டாம்ஸ் சாலையில் கமல்ஹாசனின் மக்கள் நீதி மய்யம் அலுவலகம். அரசியல் இங்கே பேப்பரில் வருவதற்கு முன்பே டிராபிக் ஜாமாக வந்துவிடும். ஊர்க் குறைகளைப் பொதுமக்களே தெரிவிக்கலாம் என்று 2018 ஏப்ரலில் ‘மய்யம் விசில்’ செயலி வெளியானபோது, எல்டாம்ஸ் சாலைப் பள்ளத்தைச் சொல்லச் செயலி எதற்கு, ஆபீஸ் ஜன்னலுக்கு நேராக நின்று நிஜமாகவே விசில் அடித்தால் போதாதா என்ற ஐயம் எழுப்பப்பட்டது (இரண்டாம் மாடி, வாய்மொழி).

தமிழில் எந்த ஆய்வும் தொல்காப்பியத்தில் தொடங்காவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போட மாட்டார். ஆகவே தொல்காப்பியம். அகத்திணைப் பாடலில் காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்று அது விதிக்கிறது. தனிநபர் தரவைப் பெயர் நீக்கியே வெளியிட வேண்டும் என்ற கோட்பாட்டை ஐரோப்பியர் இங்கிருந்தே திருடினர் என நிறுவ இன்னும் ஒரு கருத்தரங்கு மட்டுமே தேவை. சிலர் முணுமுணுப்பது அம்பல், ஊரே பேசுவது அலர் என்பது உரையாசிரியர் வகுத்த வேறுபாடு. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் பார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டும் என்று 2020 ஏப்ரலில் சுருக்கியது. இரண்டுமே அலரை அம்பலாக்கும் முயற்சிகள். குறளில் ஒற்றாடல் 59ஆவது அதிகாரம், அதற்கு முந்தியது கண்ணோட்டம். இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் வள்ளுவர் சிசிடிவி கேமராவை முன்னறிந்தார் என்று இதுவரை யாரும் கட்டுரை படிக்காதது வியப்பே. பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ் நிச்சயம். மதியச் சாப்பாடும் உண்டு.

அந்தரங்கத்தின் இடைக்கால வரலாறு அஞ்சலகத்தையும் தொலைபேசியையும் சார்ந்தது. போஸ்ட் கார்டைத் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நல்ல செய்தியானால் வாய்விட்டுச் சொல்லியே கொடுப்பார். இன்லண்ட் லெட்டரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுவார்கள். இருமுனைக் குறியாக்கத்தின் தொடக்கம் அந்தப் பருக்கையே. பிறகு வந்தது பி.பி. நம்பர். போன் இல்லாத வீட்டார் பக்கத்து வீட்டு எண்ணைத் தம் எண்ணாக விசிட்டிங் கார்டில் அச்சடித்து, ஓரத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்டனர். வரன் பேச வந்த அழைப்பை அடுத்த வீட்டு ஹாலில், அந்த வீட்டார் டிவி சத்தத்தைக் குறைத்துக் காத்திருக்க, ‘ம்’, ‘ஆமாம்’, ‘அப்புறம் சொல்றேன்’ என்ற மூன்று சொற்களால் நடத்தி முடித்த தலைமுறை அது. இன்று போன் ஒட்டுக்கேட்கிறது என்று அலறுவதும் அதே தலைமுறை.

பெஞ்சில் அமர்வோர் நால்வகைப்படுவர்.

முதலாமவர் அஞ்சுவார். மிக்ஸி ரிப்பேர் என்று மனைவியிடம் சொன்ன மறுநாளே போனில் மிக்ஸி விளம்பரம் வந்ததைச் சான்றாகக் காட்டுவார். சாயங்காலம் முழுக்க இணையத்தில் மிக்ஸி விலை தேடியதை விட்டுவிடுவார்.

இரண்டாமவர் ‘மறைக்க என்கிட்ட என்ன சார் இருக்கு’ என்பார். இவருடைய பென்ஷன் தொகை மனைவிக்குத் தெரியாது.

மூன்றாமவர் அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்து வந்தவர். விரித்துரைக்கத் தேவையில்லை.

நான்காமவர் தீர்ப்பு மேற்கோளார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதையும், அந்தத் தீர்ப்பு 547 பக்கம் என்பதையும், அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு 1,448 பக்கம் என்பதையும் இவர் மனப்பாடமாக அறிவார். பக்கங்களுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு துறை. மூலத்தைத் தொடாமல் ஒருவர் அடிக்குறிப்பிலிருந்து இன்னொருவர் அடிக்குறிப்பு எடுப்பது பெஞ்சுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான மரபாதலால் இதைக் குறையாகக் கருத இயலாது.

அந்த ஒன்பது நீதிபதிகள் வழக்கில் கர்நாடகத்து ஓய்வு நீதிபதி புட்டசாமியின் பெயர் நிற்பதை இவர் ஒப்புவதில்லை. பெருமை சென்னைக்கு உரியது என்பது இவர் துணிபு. திருவான்மியூர் ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை வெளியிட நக்கீரன் முயன்றது. அதிகாரிகள் தடுக்கப் பார்த்தனர். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அப்படி முன்கூட்டித் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது. கூடவே, தன்னைத் தன்பாட்டில் விடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும் எழுதியது. இதைக் கேட்ட இரண்டாம் வகையார் எழுப்பிய வினா: “தனியா விடுங்கோன்னு கேக்கற உரிமை ஆட்டோ சங்கர் கேஸ்ல வந்ததா? பேஷ்! எங்காத்துல இத்தனை வருஷமா கேக்கறேன், ஒரு கோர்ட்டும் கண்டுக்கல” (மூன்றாம் மாடி மேனேஜர், ‘லிஃப்ட் பழுதான வாரத்துப் படிக்கட்டு உரைகள்’, மூச்சு வாங்கிய இடங்கள் நீக்கிய சுருக்கப் பதிப்பு, குறுக்கீடு எண் குறிக்கப்படவில்லை).

தொழில்நுட்பத்தில் பெஞ்சு ஐ.ஐ.டி.க்கு முந்தியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரிய வழக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க இயலுமா என்ற வழக்காக உருமாறியது. இயலும் என்றார் ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் காமகோடி. அந்த யோசனை தேறாது என்றார் ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். முதலில் அனுப்பியவரைக் காட்டியே ஆக வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு விதி போட, வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் போனது. பெஞ்சில் இதற்கான வழிமுறை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. ‘உங்களுக்கு யார் சொன்னா?’ ‘மாமி.’ ‘மாமிக்கு யார் சொன்னா?’ ‘இஸ்திரிக்காரர்.’ ‘அவருக்கு?’ மூன்றாம் வினாவில் மூலவர் அகப்படாத வழக்கு அரிது. குறியாக்கம் எதையும் உடைக்க வேண்டியதில்லை.

தேர்தல் காலத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் மேலே வரும். பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதன் உருவாக்கத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு என்பதால், இயந்திரத்தைக் குறை சொல்வது இலக்கியத்தைக் குறை சொல்வதாகும் என்று மயிலாப்பூர்ப் பக்கத்துப் பள்ளி கருதுகிறது. தோற்றவர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்காரருக்கு மட்டும் அந்த ஐந்தாண்டும் சந்தேகம் இருக்கும். ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, ரகசியமாகப் பெட்டிக்குள் விழும். அந்த ரகசியம் பூத்திலிருந்து பெஞ்சுவரை காப்பாற்றப்படும்.

கேமரா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏ.கே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருத்தெருவாகக் கேமரா முளைத்தது. 2021இல் ஒரு சர்வதேசப் பட்டியலில் சதுர மைலுக்குச் சுமார் 610 கேமராவுடன் தில்லி, லண்டனுக்கு அடுத்து சென்னை மூன்றாமிடம் பெற்றபோது, அந்தரங்கம் போயிற்றே என்று பெஞ்சில் எவரும் வருந்தவில்லை. தில்லிக்குப் பின்னால் போய்விட்டோமே என்று வருந்தினர்.

இனி இத்துறையின் தலையாய ஆவணம்: வருகைப் பதிவேடு.

பெஞ்சின் கைப்பிடியில் எப்போதும் கிடக்கும் இது ஒரு லாங் சைஸ் நோட்டு. செக்யூரிட்டி ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் கோடு போட்டது. தேதி, பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, போன் நம்பர், வண்டி நம்பர், உள்ளே, வெளியே, கையெழுத்து என்று ஒன்பது கட்டம். இரண்டு ரூபாய்ப் பேனா ஒன்று திருட்டுக்கு அஞ்சிச் சணலால் கட்டப்பட்டிருக்கும். போன் நம்பர்கள் கட்டப்படுவதில்லை. எழுதுகிறவர் தமக்கு முன் வந்த அத்தனை பேரின் எண்ணையும், அவர்கள் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனார்கள் என்பதையும் படித்துக்கொண்டேதான் எழுதுவார். அந்தரங்கம் பற்றிய உரை ஒரு கையில் இருக்க, மறு கையால் பக்கம் புரட்டும் மரபு பெஞ்சில் நிலைபெற்றது.

‘வெளியே’ என்ற கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை. ஆவணச் சான்றை மட்டும் நம்பினால், அடுக்ககத்துக்குள் நுழைந்த எவரும் இன்றுவரை வெளியேறவில்லை. கூரியர்காரர்கள், கேஸ் சிலிண்டர்காரர்கள், பெண் பார்க்க வந்த இரண்டு கோஷ்டிகள், ஒரு வாட்டர் பியூரிஃபயர் மெக்கானிக் ஆகியோர் மாடிகளில் எங்கோ உள்ளனர். கல்வெட்டில் இல்லாதது நடக்கவில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர் இம்முடிவை ஏற்றே ஆக வேண்டும்.

‘எங்கிருந்து’ கட்டத்தில் முதலாமவர் ஒரு சாப்பாட்டு நிறுவனத்தின் பெயரை எழுத, அடுத்தவர் இரட்டைக் கோடு போட்டு ‘மேற்படி’ ஆக்குவார். கோடு பக்கம் முடியும்வரை இறங்கும். இதனால் பிளம்பர், பால்காரர், மூன்றாம் மாடியார் சம்பந்தி ஆகிய அனைவரும் சாப்பாடு கொண்டுவந்தவராகின்றனர். தேர்தலின்போது வந்த கட்சிக்காரர் ஒருவர் ‘யாரைப் பார்க்க’ என்பதில் ‘எல்லாரையும்’ என்று எழுதியிருப்பது பதிவேட்டின் ஒரே நேர்மையான வரி எனலாம்.

போன் எண்ணில்தான் பதிவேட்டின் மேதைமை. ஒன்பது இலக்கம், பதினோரு இலக்கம், 7 என்றும் 1 என்றும் படிக்கத் தக்க கிறுக்கல். ஒருவரை அடையாளம் காண முடியாதபடி தரவில் அளவறிந்து பொய் கலக்கும் முறையைச் சிந்தியா துவார்க்கும் கூட்டாளிகளும் 2006இல் கணிதமாக நிறுவினர். அமெரிக்கா 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதைக் கையாண்டது. ஆழ்வார்பேட்டைக் கூரியர்காரர் கணிதமின்றியே கையாளுகிறார்.

2023இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மீறுவோருக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. ஆனால் அது மின்னணு வடிவில் உள்ள, அல்லது பின்னர் அவ்வடிவுக்கு மாற்றப்படும் தரவுக்கே பொருந்தும். ஆகவே நோட்டு நோட்டாக இருக்கும்வரை செக்யூரிட்டி பத்திரம். சங்கச் செயலாளர் ‘இந்த வண்டி யாருது?’ என்று பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போடும் கணத்தில் சட்டம் வாசலுக்கு வந்து நிற்கிறது. சொந்த, வீட்டு உபயோகத்துக்குத் தனிநபர் கையாளும் தரவுக்கு விலக்கு உண்டே என்பது செயலாளர் தரப்பு. அடுக்ககச் சங்கம் தனிநபரா, மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பது வீட்டு உபயோகமா என்பது எதிர்த்தரப்பு.

நோட்டுக்குப் பதில் நுழைவுச் செயலி கொண்டுவரலாமா என்று நடந்த விவாதத்தின் முக்கியப் பகுதி வருமாறு:

“ஆப்ல போட்டா டேட்டா எங்க போறதுன்னே தெரியாது சார்.”

“நோட்டுல இருக்கறது மட்டும் எங்க போறதாம்?”

“பழைய பேப்பர்காரன்கிட்ட. தெரிஞ்ச எடம்.”

இவ்விடை ஆராயத் தக்கது. நிரம்பிய பதிவேடுகள் கிலோக் கணக்கில் எடைக்குப் போய், கிழிபட்டு, பஜ்ஜிக் கடையில் பொட்டலமாகின்றன. தரவை அழிக்கக் கோரும் உரிமையைச் சட்டம் ஏட்டளவில் வழங்குகிறது; வாழைக்காய் பஜ்ஜியின் எண்ணெய் அரை நிமிடத்தில் நிறைவேற்றித் தருகிறது. தன் சம்பந்தியின் போன் நம்பரைப் பஜ்ஜிக்கு அடியில் கண்டவர் ஒருவரே, அதுவும் இலக்கம் ஒன்று குறைந்திருந்தது (‘இஸ்திரி வண்டிச் சுவடிகள்’, இரண்டாம் கட்டு, பட்டுவேட்டிப் படலம், மூலம் கரி பட்டுச் சிதைந்தது, சிதைந்த இடங்கள் மூன்றாம் மாடி மாமி ஊகித்த பாடம், அதற்கு முதல் மாடி மாமியின் பால்கனி மறுப்பு, மறுப்புக்கு மாடிப்படி பெருக்கும் அம்மா தந்த விளக்கம், சம்பளம் ஏற்றிய பின் திருத்தப்பட்டது).

இஸ்திரிக்காரர் தனிக் கவனம் பெறுவார். யார் இன்டர்வியூவுக்குப் போகிறார், யார் வேலையை விட்டுவிட்டார், யார் வீட்டில் தனித்தனி மூட்டையாகத் துணி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆதார், செயலி, கேமரா எதையும் அவர் நாடுவதில்லை. பெஞ்சு அவரை இதுவரை ஐயுற்றதும் இல்லை. துணிக்கு விலை ஒரு ரூபாய் ஏற்றியபோது மட்டும் கண்டனம் எழுந்தது.

லிஃப்டுக்குள் நடக்கும் அரட்டை இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. நான்கு மாடிக்குள் ஒரு வாக்கியம்கூட முடியாததால் தரவு போதவில்லை.