இலுப்பூர் ஜங்ஷன்

இலுப்பூருக்கு ரயில் கிடையாது. கிழக்கே புதுக்கோட்டைக்கு 1929-லேயே ரயில் வந்துவிட்டது. மேற்கே மணப்பாறை வழியாகத் திண்டுக்கல் பாதை போகிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இலுப்பூருக்குப் பஸ்தான் கதி. இந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்கப் பிறந்தவர் வீட்டு ரயில்காரர். வாடகை மாடி வீட்டின் இரண்டாவது அறையில் குட்டி மாதிரி ரயில் ஓட்டி இலுப்பூரை அவர் ஜங்ஷனாகவே ஆக்கிவிட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். பணி ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டில் விராலிமலை வண்டிக்கு நிற்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து, "பல்லவன் இந்நேரம் அரியலூர் தாண்டியிருக்கணுமே" என்று கவலைப்படுவார். அந்த வண்டியில் அவருக்குத் தெரிந்தவர் யாரும் போகவில்லை.

அவருடைய ரயில்வே முழுக்க ப்ளைவுட் துண்டுகளில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் போல்ட் போட்டு அடுத்ததோடு இணைக்கலாம், கழற்றலாம். அவர் அதை 'மாட்யூல்' என்பார். வீட்டம்மா 'பலகை' என்பார். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், பொங்கலுக்கு மகள் குடும்பம் வந்தால் படுக்க இடம் வேண்டும். அதனால்தான் இந்த ஏற்பாடு. மகள் வருகிற வாரம் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கேட்டால், "லைன் பிளாக் கொடுத்திருக்கு" என்பார்.

அளவு விஷயத்தில் மட்டும் அவரிடம் வாய் கொடுக்காதீர்கள். அவருடையது எச்.ஓ., அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல் வருகிறது. ஆக, நம்ம ஊர் எஞ்சினை அதில் ஏற்றினால் எஞ்சினுக்குப் பாதை கொஞ்சம் ஒல்லி. உங்கள் கண்ணுக்கு இது தெரியாது. அவருக்கு ராத்திரித் தூக்கமே இதனால்தான் போச்சு.

சல்லி பரப்ப ஆற்றுமணலைச் சலிக்கிறார். செம்மண்ணுக்குக் காய்ந்த டீத்தூள், மரங்களுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிய ஸ்பாஞ்ச்.

"என்னங்க, டீ வடிகட்டி எங்க?"

"இன்ஜினியரிங் டிபார்ட்மெண்ட்ல இருக்கு."

வளைவுதான் பெரிய சிக்கல். எச்.ஓ. வண்டி தடம் புரளாமல் திரும்பப் பொதுவாகப் பதினெட்டு அங்குல ஆரமாவது வேண்டும். ஒரு முழுத் திருப்பத்துக்கு மூன்றடிக்கு மேல் இடம் போய்விடும். அந்த மூன்றடியில் ஏற்கெனவே பீரோ நிற்கிறது. எனவே பீரோவுக்கு முன்னால் ஒரு பாலம். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலம் போலவே நேர்மேலே தூக்குகிற பாலம். அசல் பாம்பனில் கப்பலுக்காகத் தூக்குகிறார்கள், இங்கே புடவைக்காக.

"கல்யாணத்துக்கு நேரமாச்சு, பாலத்தத் தூக்குங்க."

"கூட்ஸ் வருது. லைன் கிளியர் ஆகட்டும், அஞ்சு நிமிஷம் பொறு."

சிரித்தால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். புனேயில் பி.எஸ். ஜோஷி என்ற மனிதரின் பொழுதுபோக்குதான் 1998-ல் குட்டி ரயில் மியூசியமானது. ஹாம்பர்கில் 2001-ல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்டுக்கு உலகமே டிக்கெட் வாங்கிப் போகிறது. இரண்டும் உண்மை. "அவங்க வீட்டு பீரோ எங்க இருந்துச்சாம்?" என்று அடுப்படியிலிருந்து வருகிற கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இல்லை.

என் கட்சி அவர் பக்கம். ஓய்வு பெற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் மற்ற வேலைகளோடு, குறிப்பாக அடுத்தவர் பிள்ளைக்கு வரன் பார்ப்பதோடு, ஒப்பிட்டால் இதில் சேதாரம் குறைவு. மின்தடை வந்தால் தவிர இலுப்பூர் ஜங்ஷனில் எந்த வண்டியும் தாமதமில்லை. அப்படி நின்றாலும், "சிக்னல் கோளாறு, பயணிகள் பொறுத்தருள்க" என்று வெறும் அறையில் அறிவிப்பு செய்துவிடுவார்.

பார்க்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், டிக்கெட் இல்லை. மணப்பாறை முறுக்கு தட்டில் வரும். தின்ற கையோடு தண்டவாளத்தைத் தொட்டுவிடாதீர்கள். வண்டிக்கு மின்சாரமே அந்தத் தண்டவாளம் வழியாகத்தான் போகிறது. எண்ணெய் பட்டால் நின்றுவிடும்.