இரண்டாம் கொலை இடைச்செருகலே: ஒரு பாட ஆராய்ச்சி

ஒரு நூலின் முற்பகுதி செறிவாகவும் பிற்பகுதி சவசவவென்றும் இருந்தால், பிற்பகுதி வேறொருவர் கைவரிசை என்று தீர்ப்பெழுதுவது நம் புலமை மரபு. ஔவையார் ஒருவரா பலரா என்று யாராவது தொடங்கிவிட்டால், கருத்தரங்கின் முற்பகல் அமர்வு அதிலேயே கழிந்துவிடும். இந்த முறையைக் கொலைகளுக்கும் பொருத்தலாமா என்று நம் அறிஞர் பெருமக்கள் ஆராயாமல் விட்டது பெருங்குறை. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் லெப்டினன்ட் கொலம்போ 1971-இலேயே பொருத்திப் பார்த்துவிட்டார். அவர் கையாண்ட முறை சரிதானா என்று சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பனுவல்

ஆய்வுக்குரிய பனுவல், ‘கொலம்போ’ தொடரின் ‘மர்டர் பை தி புக்’ என்னும் எபிசோடு. 1971 செப்டம்பர் 15 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது வயது 24. எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. இன்று எல்லோரும் இதை ‘ஸ்பீல்பெர்க் எடுத்த கொலம்போ’ என்றே சொல்கிறார்கள். எழுதியவரை மறந்துவிடுவதே இந்தக் கதையின் கருப்பொருள் என்பதால், போச்கோ இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார் என நம்பலாம்.

தொடரை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் பள்ளித் தோழர்கள், சேர்ந்தே எழுதியவர்கள். கொலம்போ என்ற பாத்திரமோ 1960-இல் வேறொரு நடிகரின் உருவில் தோன்றி, 1968-இல் பீட்டர் ஃபால்க்கிடம் வந்து சேர்ந்தது. ஆகவே பாடபேதம் இவருக்குப் புதிதன்று.

2. ஆசிரியர் வரலாறு

படம் தொடங்குகிறது. சாலையில் கார் போகிறது. எஞ்சின் சத்தம் இல்லை; இசையும் இல்லை. தட்டச்சுப் பொறியின் ‘டக் டக்’ மட்டுமே கேட்கிறது. மாடி அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பவர் ஜிம் ஃபெரிஸ். காரில் வருபவர் கென் ஃபிராங்க்ளின். ‘மிசஸ் மெல்வில்’ என்ற துப்பறியும் நாவல் வரிசைக்கு இருவரும் கூட்டாசிரியர்கள். ஒருவர் எழுதுகிறார், மற்றவர் வருகிறார். அட்டையில் மட்டும் இரண்டு பெயரும் இருக்கும். முனைவர் பட்ட மாணவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

எழுதாத கூட்டாசிரியர்கள் எல்லோரும் சும்மா இருப்பவர்கள் என்றும் முடிவு கட்டக்கூடாது. எல்லரி குவீன் என்ற ஒற்றைப் பெயருக்குள் இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருந்தார்கள். டேனே கதையைப் பின்னித் தர, லீ அதை எழுதினார். ஃபிராங்க்ளினோ பேட்டி கொடுத்தார், விருந்துக்குப் போனார், நன்றாக உடுத்தினார். ஃபெரிஸ் தனியாக எழுதப் போகிறேன் என்றதும், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொலை செய்வதென்று முடிவெடுத்தார்.

3. அகச்சான்று

முதற்கொலை: ஃபெரிஸைத் தொலைவிலுள்ள தன் ஓய்வு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கிருந்து மனைவி ஜொவானாவுக்குப் போன் செய்து, “அலுவலகத்தில் வேலையாக இருக்கிறேன்” என்று சொல்ல வைக்கிறார். பேச்சுக்கு நடுவே சுடுகிறார். மனைவியின் காதில் விழுந்த வெடிச்சத்தம், அவரைப் பொறுத்தவரை அலுவலகத்தில் கேட்டது. அழைப்பவர் எண்ணைத் திரையில் காட்டும் போன் அப்போது வீடுகளில் இல்லை. சுருக்கம், செறிவு, ஒரு சொல்கூட மிகையில்லாத அமைப்பு. செவ்வியல் காலத்தது எனலாம்.

இரண்டாம் கொலை: ஓய்வு வீட்டருகே கடை வைத்திருக்கும் லில்லி லா சாங்கா, அன்று காரில் ஃபெரிஸைப் பார்த்துவிட்டார். பணம் கேட்கிறார். ஃபிராங்க்ளின் ஷாம்பெயினோடு விருந்துக்குப் போய், அதே புட்டியால் அடித்து, உடலை ஏரியில் தள்ளுகிறார். புட்டியின் தக்கை கொலம்போ கையில் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, லில்லியின் வீட்டில் ஃபிராங்க்ளின் கையெழுத்திட்டுக் கொடுத்த ‘மிசஸ் மெல்வில்’ நாவல் வேறு. ஆசிரியர் பெயர் இவ்வளவு ஐயமின்றி விளங்கும் கொலை எந்த மொழியிலும் அரிது. யாப்பு தட்டுகிறது, பொருள் தட்டுகிறது, எல்லாமே தட்டுகிறது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கொலம்போ சொல்வது இதுதான்: முதலாவது அவ்வளவு நேர்த்தி, இரண்டாவது வெறும் கத்துக்குட்டி வேலை, இரண்டும் ஒரே மூளையில் உதித்திருக்க முடியாது.

4. புறச்சான்று

தோன்றியதையெல்லாம் கையில் அகப்பட்ட துண்டுத்தாளில் குறித்து வைப்பது ஃபெரிஸின் வழக்கம் என்று ஜொவானா சொல்லியிருந்தார். கொலம்போ அலுவலகத் தாள்களையெல்லாம் புரட்டுகிறார். முதற்கொலையின் திட்டம், கொல்லப்பட்டவரின் குறிப்பாகவே கிடைக்கிறது. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த பெரியவர்கள் இந்த மகிழ்ச்சியை அறிவர். ஆக, முதற்கொலையின் ஆசிரியர் ஃபெரிஸ். ஃபிராங்க்ளின் அதை எடுத்தாண்டவர், அதுவும் மூல ஆசிரியர் மீதே. இரண்டாவதுதான் ஃபிராங்க்ளினின் சொந்தப் படைப்பு. கொலம்போவின் ஆய்வு இத்துடன் நிறைவுற்றது.

5. தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழுகிறது, எழுப்புபவர் ஃபிராங்க்ளினே. அந்த யோசனை என்னுடையது, நான் யோசித்ததிலேயே உருப்படியானது அது ஒன்றுதான், பல வருடம் முன்பு ஃபெரிஸிடம் சொன்னேன், அவன் எழுதி வைப்பான் என்று யார் கண்டது என்கிறார்.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபிராங்க்ளின் சொல்வது மெய்யானால், முதற்கொலை செவிவழியாக வந்த பனுவல். ஃபெரிஸ் அதை ஏட்டில் ஏற்றியவர் மட்டுமே. இரண்டு கொலைக்கும் ஆசிரியர் ஒருவரே. நடையை வைத்து இருவர் என்று கொலம்போ வகுத்தது முழுத் தவறு. ஆனால் பிடிபட்டவர் சரியான ஆள். தவறான முடிவுக்கு வந்த நடையாய்வு சரியான ஆளைச் சிறைக்கு அனுப்பியது இங்குதான்.

துண்டுத்தாளைக் காட்டியதும் ஃபிராங்க்ளின் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: “ஆமாம், அது ஃபெரிஸின் கதை, அவனைத் தெரிந்த யாரும் அதைப் படித்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வக்கீலைக் கூப்பிட்டிருக்கலாம். ஓர் எழுத்துகூட எழுதாமல் காலமெல்லாம் ஆசிரியராக வாழ்ந்தவரால், உண்மையிலேயே தன்னுடையதாக இருந்த ஒரே ஒரு படைப்பை இன்னொருவர் பெயருக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. பதிப்புரிமை கோரினார், கூடவே கொலையும் வந்து சேர்ந்தது.

6. முடிவுரை

இதிலிருந்து பாட ஆராய்ச்சிக்கு ஒரு புதிய நெறி பிறக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத நல்ல நூல் கிடைத்தால், அகச்சான்று புறச்சான்று என்று அல்லாட வேண்டியதில்லை. அதை அவருடைய கூட்டாளி எழுதியதாகச் சபையில் அறிவித்துவிட்டால் போதும். உரியவர் தாமே எழுந்து வருவார். ஆசிரியர் உயிரோடிருக்க வேண்டும் என்பது ஒன்றே இந்நெறியின் குறைபாடு. அதை நீக்குவதற்குப் பல்கலைக்கழகங்கள் நிதி ஒதுக்க வேண்டும்.